சைமி அடுப்பை அணைத்த புதன்கிழமை

ஹல்கோ பத்திரிகையின் நாற்பது வருஷ வரலாறு போன மாதம் புத்தகமாக வந்துவிட்டது. நல்ல கனம். பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கிற ஒருவர் வருஷக்கணக்கில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். எப்போது என்ன தீர்மானம் போட்டோம், யார் யாரோடு பிளந்தார்கள், எந்தக் கவிதைக்காக யார் ராஜினாமா செய்தார்கள் என்று எல்லாம் இருக்கிறது. நான் ராஜினாமா செய்ததே மூன்று இடத்தில் வருகிறது. சைமி ஹௌதாலா மட்டும் ஒரே ஒரு இடத்தில். ஒரு புகைப்படத்தின் கீழே எங்கள் பெயரையெல்லாம் இடமிருந்து வலமாக அடுக்கிவிட்டு, கடைசியில், "பின்னால் காப்பி ஊற்றுபவர் சைமி ஹௌதாலா" என்று போட்டிருக்கிறது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊற்றுபவராம்! அந்த மனுஷி ஒரு தடவை ஊற்றமாட்டேன் என்று உட்கார்ந்ததால்தான் அந்தப் புத்தகத்துக்கு இரண்டாம் பாதி என்று ஒன்று இருக்கிறது. இல்லாவிட்டால் எழுபத்தைந்தாம் வருஷத்தோடு கதை முடிந்திருக்கும். பேராசிரியர் எழுதவில்லை, சரி, நான் எழுதுகிறேன். என் பெயர் தவுனோ. புத்தகக் கடையில் வேலை பார்த்தவன். ஹல்கோவில் புத்தக விமர்சனம் எழுதினேன், கூட்டங்களுக்குத் தலைமை தாங்கினேன். தலைமை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். எந்தப் பக்கமும் சேராத ஒருத்தன் வேண்டும் என்று பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள், அதனால் இரண்டு பக்கத்தாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஹல்கோ என்றால் எங்கள் மொழியில் விறகுக்கட்டை. கலைக்கும் அரசியலுக்கும் சேர்த்து ஒரு இடதுசாரிப் பத்திரிகை தொடங்கி அதற்கு விறகுக்கட்டை என்று பெயர் வைத்தது யார் என்பதில் இன்றும் தகராறு உண்டு. நான்தான் வைத்தேன் என்று சொல்கிற நாலைந்து பேரை எனக்குத் தெரியும். அதில் நானும் ஒருவன். தம்பேரே நகரத்தில், இரண்டு ஏரிகளுக்கு நடுவே மேட்டில் இருக்கிற பிஸ்பாலாவில், மூடிப்போன ஒரு பால் கடைதான் எங்கள் அலுவலகம். ஒரு நீள மேஜை, கொஞ்சம் நாற்காலி, ஒரு இரும்பு அடுப்பு. பால் வாடை போகப் பல வருஷம் ஆனது.

சைமி பிறந்ததும் அதே மேட்டில்தான். அப்பா தச்சர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டில் நடந்த உள்நாட்டுச் சண்டையில் தோற்ற தொழிலாளர் பக்கம். தோற்றவர்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். அதைப் பற்றிப் பேசாமல் இருந்து இருந்து எதைப் பற்றியுமே பேசாமல் ஆகிவிட்டது வீடு. சாப்பாட்டு நேரத்தில் கரண்டி சத்தம் மட்டும்தான் கேட்கும். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்ததால்தான் பேச்சென்றால் தனக்கு இத்தனை ஆசை என்று சைமி சொல்வாள்.

பேச்சுக்கு ஆசைப்பட்டவள் போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள். பஞ்சாலை, அதிலும் தறிக்கூடம். அந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவளுக்குக் கேட்காது. அதனால் தறிக்காரிகள் குரலை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார்கள், உதட்டால் பேசுவார்கள். கூடத்தின் அந்தக் கோடியில் ஒருத்தி மேஸ்திரியைப் பற்றி உதட்டை அசைத்தால் இந்தக் கோடியில் இருபது பேர் சிரிப்பார்கள். மேஸ்திரிக்கு மட்டும் என்ன விஷயம் என்று தெரியாது. சைமி அதில் கெட்டிக்காரி. தெருவுக்கு எதிர்ச்சாரியில் இரண்டு பேர் கிசுகிசுத்தால் இவள் இங்கிருந்து பதில் சொல்வாள்.

தறி சும்மா விடுமா? காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. நாற்பது வயதில் மந்தம், ஐம்பது வயதில் அநேகமாக ஒன்றும் இல்லை. அவள் அதை மறைத்ததே கிடையாது. ஆனால் எது கேட்டாலும் டக்கென்று பதில் வருகிறவளுக்குக் காது கேட்காது என்பது யாருக்கு நினைவிருக்கும்?

புருஷன் ஆர்விக்கு நினைவிருந்தது. அவர் செருப்பு ஆலையில் வேலை பார்த்தவர், நல்ல மனிதர். கல்யாணத்துக்கு முன்னால் அவருக்கு வாயை மூடித் தொங்குகிற மாதிரி ஒரு மீசை இருந்ததாம். பெண் கேட்டு வந்தபோது சைமி ஒரே நிபந்தனைதான் போட்டாளாம்.

"மீசைய எடுத்துட்டு வா. உதடு தெரியாத மனுஷனோட நான் எப்படிக் குடும்பம் நடத்துறது?"

ஆர்வி அன்று மாலையே எடுத்துவிட்டு வந்து நின்றார். "எடுத்த மீசைக்கு ஒரு பிரயோஜனம் வேணாமா? வருஷத்துக்குப் பத்து வார்த்தை பேசுறாரு," என்று சைமி கடைசிவரை கிண்டல் செய்தாள். ஆர்வி அதற்கும் சிரிப்பார், பேச மாட்டார்.

ஹல்கோவுக்கு அவள் வந்தது ஐம்பத்தாறாம் வருஷத்துப் பொது வேலைநிறுத்தத்தின்போது. நாடு முழுக்க நின்றுபோயிருந்தது. தறிகளும் நின்றன. கையில் வேலை இல்லாமல் சைமி பனியில் நடந்துகொண்டிருந்தாள். பால் கடை ஜன்னலுக்குள் இரண்டு பேர் மேஜையைக் குத்திக் குத்திச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். நானும் ஒரு ஓவியரும். அவர் இப்போது இல்லை. முதல் இதழுக்கு வந்த ஒரு கவிதையைப் பற்றிச் சண்டை. ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் வெகுநேரமாக நின்று பார்ப்பதை நாங்கள் கவனிக்கவில்லை. கதவு திறந்தது.

"இந்தக் கவிதைக்கு முதுகெலும்பு இல்லைன்னு நீ சொல்ற. முதுகெலும்பு மட்டும்தான் இருக்கு, சதையே இல்லைன்னு அவரு சொல்றாரு. எது நிஜம்னு நான் படிச்சுப் பாக்கலாமா?"

படித்தாள். இரண்டும் இல்லை, கவிதைக்குக் குளிர்காய்ச்சல் என்றாள். பிறகு எங்கள் காப்பியைக் குடித்துப் பார்த்தாள்.

"இது காப்பியா, பாத்திரம் கழுவுன தண்ணியா?"

கெண்டியை எங்கள் கையிலிருந்து அவள் வாங்கிக்கொண்டது அன்றுதான். அதற்குப் பிறகு கூட்டம் நடக்கிற எந்தப் புதன்கிழமையும் அவள் வராமல் இருந்ததில்லை. ஆலை முடிந்து நேராக வருவாள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். பையில் ஏலக்காய் போட்ட ரொட்டி இருக்கும். இதழ் வருகிற வாரத்தில் எல்லாரும் கூடிப் பக்கம் மடிப்போம், அப்போது மடிப்பில் அவள் கையை மிஞ்ச ஆளில்லை. மற்ற வாரங்களில் அடுப்புப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து எங்கள் சண்டையைப் பார்ப்பாள். நீள மேஜையின் ஒரு கோடியில் தலைவன் நான், நேர் எதிர்க் கோடியில் அடுப்பும் சைமியும். நடுவில் இரண்டு பக்கமும் எதிரும் புதிருமாக ஆட்கள். பாதி முகம் தெரிந்தால் போதும் அவளுக்கு. நடுவில் எழுந்து காப்பி ஊற்றும்போது, யார் சொன்னது சரி, யார் சொன்னது சொத்தை என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போவாள். அந்த ஒரு வார்த்தைக்கு நான் என் விமர்சனத்தைத் திருத்தி எழுதியது உண்டு.

இப்படியே போய்க்கொண்டிருந்தது. எழுபதுகளில் எங்கள் இடதுசாரிக் கட்சி உள்ளுக்குள் இரண்டாகப் பிளந்தது. ஒரே கொடி, ஒரே பாட்டு, ஒரே கட்சி அட்டை, ஆனால் இந்தப் பக்கத்துக்காரன் அந்தப் பக்கத்துக்காரனோடு ஒரே பஸ்ஸில் ஏற மாட்டான். பிளவு மெதுவாக எங்கள் மேஜைக்கும் வந்து சேர்ந்தது. அரசியல் பக்கங்களைப் பார்த்துக்கொண்ட இல்போ ஒரு பக்கம். பள்ளிக்கூட வாத்தியார், முகத்தை முழுக்க மூடிய தாடி மீசை. கலைப் பக்கங்களைப் பார்த்துக்கொண்ட கைசு மறுபக்கம். படம் வரைகிறவள், வாயில் எந்நேரமும் சிகரெட் தொங்கும். இரண்டு பேரும் பத்து வருஷமாக ஒரே தட்டில் கருப்புத் தொத்திறைச்சி வாங்கிப் பங்கு போட்டுத் தின்ற சிநேகிதர்கள். அதுதான் வயிற்றெரிச்சல்.

மே தினத்துக்கு இன்னும் மாதக்கணக்கில் இருக்கும்போதே அந்த இதழின் அட்டையில் வந்தது வினை. இல்போவுக்கு ஒரு முஷ்டி வேண்டும். கைசு வரைந்து வந்ததோ, பலூனைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கிற ஒரு கிழவி. அன்று பேசிய பேச்சில் இருவரும் எதையெல்லாமோ சொல்லிவிட்டார்கள். அதோடு பேச்சு நின்றது. அதற்குப் பிறகு எல்லாம் தலைவர் வழியாகத்தான்.

"தலைவரே, மே தினத்துக்கு அட்டையில பலூன் போடறது உழைக்கிறவங்களைக் கேலி பண்றதுன்னு தோழர் கைசுகிட்ட சொல்லுங்க," என்பான் இல்போ, என்னைப் பார்த்து.

கைசு அவனுக்குக் கையெட்டும் தூரத்தில்தான் இருப்பாள். அவளும் என்னைப் பார்த்துத்தான் சொல்வாள். "தலைவரே, மே தினத்தன்னிக்கு உழைக்கிறவங்க கையில இருக்கிறது பலூன்தான். தோழர் இல்போவை வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஜன்னல் வழியா எட்டிப் பாக்கச் சொல்லுங்க."

"கேட்டியா இல்போ?" என்பேன்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலை தலைவரே. நீங்க சொன்னாத்தான் கேக்கும்."

"கைசு, அவன் சொல்றான்..."

"எவன்? இங்க யாரும் பேசினதா எனக்குத் தெரியலையே."

நேற்றுவரை நீ, வா, போ என்று இருந்தவர்களுக்கு இந்த 'தோழர்', 'சொல்லுங்க' எல்லாம் எங்கிருந்து வந்ததோ! தபால்காரன் வேலை பார்த்து எனக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. மூச்சுக்குள் இரண்டு பேரையும் திட்டித் தீர்ப்பேன். எட்டிய மட்டும் கெட்ட வார்த்தைகள். சத்தம் வராமல் உதட்டளவில்தான். யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரலில் ஒரு புதன்கிழமை, இருவரும் கடைசியாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். ஹல்கோவை இரண்டாக்கிவிடுவது. அவரவர் பக்கத்துக்கு ஒரு பத்திரிகை, அடுத்த புதன்கிழமை வாக்கெடுப்பு, மே தின இதழ் வராது. எல்லாரும் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான் நாற்காலியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். சைமி கெண்டியைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"என்ன முடிவாச்சு?"

"நீ இங்கதானே இருந்த?"

"இருந்தேன். என்ன முடிவாச்சுன்னு கேட்டேன்."

சொன்னேன். கழுவின கெண்டியையே மறுபடியும் கழுவினாள்.

"அப்ப நான் புதன்கிழமைக்கு எங்க போறது?"

"ரெண்டு பத்திரிகை வரும், ரெண்டுலயும் காப்பி குடிக்கத்தானே செய்வாங்க," என்று ஏதோ உளறினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் பால் கூடத் திரிந்திருக்கும்.

"இதை ரெண்டாக்க நான் விடமாட்டேன் தவுனோ. பாத்துக்க."

அடுத்த புதன்கிழமை கதவைத் திறந்தால் அறை ஜில்லென்று இருந்தது. அடுப்பு அணைந்திருந்தது. காப்பிக் கெண்டி மேஜை நடுவில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. சைமி கோட்டைக் கழற்றாமல், அதன் மார்பில் தொழிற்சங்க வில்லையைக் குத்திக்கொண்டு நின்றாள். தறிக்கூடத்தில் அவள்தான் தொழிலாளர் பிரதிநிதி என்பது எங்களுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. முதலாளிகளைப் பல தடவை மேஜைக்கு இழுத்து உட்கார வைத்த ஆள்.

"தோழர்களே, இந்த நிமிஷத்துலேருந்து காப்பிக்கு வேலைநிறுத்தம். ரொட்டிக்கும் சேத்துத்தான். கோரிக்கைகளைப் பேச்சுவார்த்தையில சொல்லுவேன்."

யாரோ சிரித்தார்கள். இல்போ சிரிக்கவில்லை, தொண்டையைச் செருமினான். "சைமி, ஒரு சின்ன விஷயம். நீ இங்க சம்பளத்துக்கு வேலை பாக்கலை. சம்பளம் இல்லாத இடத்துல வேலைநிறுத்தம்னு சட்டப்படி..."

"பிப்ரவரி இதழ்ல என்ன எழுதின? 'சட்டவிரோதமான வேலைநிறுத்தம் என்று உலகத்தில் ஒன்று கிடையாது.' உன் பேரைப் போட்டுத்தான வந்துச்சு?"

கைசு நமுட்டுச் சிரிப்போடு சாய்ந்து உட்கார்ந்தாள். சைமி அவளையும் விடவில்லை.

"நீ என்ன சிரிக்கிற? 'அடுப்படியும் தொழிற்சாலைதான், அங்கேயும் உழைப்புதான் சுரண்டப்படுகிறது'ன்னு மார்ச் இதழ்ல படம் வரைஞ்சு எழுதினது யாரு? இத்தனை வருஷமா இந்த அடுப்புக்கு முன்னால நின்னது யாரு?"

வேறு எந்த இடமாக இருந்தாலும் ஒருத்தன் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்துக் காப்பி போட்டிருப்பான். விஷயம் முடிந்திருக்கும். ஆனால் இது ஹல்கோ. இந்த வேலைநிறுத்தம் நியாயமானதா என்று முறைப்படி வாக்கெடுப்பு நடத்தினோம். எல்லாக் கையும் உயர்ந்தது. ஒரு வருஷத்தில் எங்கள் ஆசிரியர் குழு ஒருமனதாக எடுத்த முதல் முடிவு அதுதான். நியாயம் என்று முடிவெடுத்த பிறகு அந்தக் கெண்டியை நிமிர்த்துவது யார்? தொட்டவன் கருங்காலி. பத்திரிகையைப் பிளக்கிற வாக்கெடுப்பையும் நடத்த முடியவில்லை, வேலைநிறுத்தம் நடக்கிற இடத்தில் கூட்டம் போடுவது துரோகம் என்று இல்போவே சொல்லிவிட்டான்.

வீட்டில் காப்பி குடித்துவிட்டு வரலாமே என்று தோன்றும். குடித்தோம்தான். ஆனால் காப்பி இல்லாமல் கூட்டம் நடத்தி எங்கள் ஊரில் யாருக்கும் பழக்கமில்லை. முதல் கோப்பை காலியாகாமல் யாரும் விஷயத்துக்கு வர மாட்டார்கள், இரண்டாவது இல்லாமல் யாரும் இறங்கி வர மாட்டார்கள். தெருக்கோடியில் இருந்த கடைக்குப் போய் உட்கார்ந்தோம். அங்கே பரிமாறுகிற லெம்பி, சைமியோடு தொழிலாளர் பாட்டுக் குழுவில் பாடுகிறவள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்தாள்.

"ஹல்கோ ஆளுங்களா? உங்களுக்கு இன்னிக்குக் காப்பி கிடையாது. ஆதரவு வேலைநிறுத்தம்."

"லெம்பி, நாங்க காசு குடுத்துக் குடிக்கிறோம்."

"காசு குடுத்தா மட்டும் நியாயம் மாறிடுமா? பால் வேணா தரேன், குடிச்சுட்டுப் போங்க."

ஊரிலுள்ள தாடிக்கார அறிவாளிகள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்து பால் குடித்தோம். அடுத்த மேஜையில் இருந்த பஸ் டிரைவர்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அதற்கடுத்த புதன்கிழமை அச்சகத்துக்காரர் ஆள் விட்டுக் கேட்டார், இதழ் உண்டா இல்லையா என்று. அன்று அடுப்பு அப்படியே, சைமி அப்படியே. கூட்டம் தொடங்கவும் முடியவில்லை, கலையவும் மனமில்லை, பனி உருகிச் சேறான முற்றத்தில் நின்றோம். இல்போ கழிப்பறைக் கொட்டகைப் பக்கம் போனான். போனவன் வரவில்லை. கைசு மோப்பம் பிடித்துக்கொண்டு போனாள். உள்ளே கோட்டுக்குள்ளிருந்து பிளாஸ்க்கை எடுத்து மூடியில் ஊற்றிக்கொண்டிருக்கிறான் மனிதன்!

"கருங்காலி!" என்று கைசு போட்ட சத்தம் ஏரிக்கு அந்தக் கரை வரை கேட்டிருக்கும். அந்த ஒரு வார்த்தையை அவள் தலைவர் வழியாகச் சொல்லவில்லை. நேரே அவன் முகத்துக்கு.

"யாரைப் பாத்துக் கருங்காலிங்கிற? இது வீட்டுல என் பொண்டாட்டி போட்டது!"

"வேலைநிறுத்த எல்லைக்குள்ள வச்சுக் குடிக்கிற இல்ல? வாத்தியார்தானே நீ, எல்லைன்னா என்னன்னு தெரியாது?"

"உன் சிகரெட்டை எடுத்துட்டுப் பேசு, பாதி வார்த்தை புகையாப் போவுது!"

இருந்தும் அவன் மானஸ்தன். பிளாஸ்க்கைத் தலைகீழாகக் கவிழ்த்தான். காப்பி சேற்றில் ஓடியது. எல்லாரும் ஒரு சாவைப் பார்ப்பதுபோல் பார்த்தோம். அப்போதுதான் கைசு சொன்னாள், "சரி, இதுக்கு மேல தாங்காது. பேச்சுவார்த்தைக்குப் போவோம்."

உள்ளே போனோம். சைமி அடுப்புப் பக்கத்திலிருந்து முக்காலியை மேஜைக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நாற்காலி.

"நான் தொழிலாளி தரப்பு. முதலாளி தரப்பு அங்க உக்காரணும். ரெண்டு பேரும் சேந்து. முதலாளிங்க தனித்தனியா வந்தா நான் பேசமாட்டேன்."

இல்போவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "நானா? நான் முதலாளியா?"

"பின்ன நானா?"

"என் அப்பா ரயில்வே கூலி சைமி!"

"பாவம், அவரு புள்ள இப்படி முதலாளியாகும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்காது. உக்காரு."

கைசு முதலில் சிரித்தாள். பிறகு இல்போவுக்கும் தாடிக்குள் ஏதோ அசைந்தது. வேறு வழியில்லாமல் தோளோடு தோள் உட்கார்ந்தார்கள். தலையைக் குனிந்து கிசுகிசுவென்று பேசிக்கொண்டார்கள். சைமி மேஜையைத் தட்டினாள்.

"கிசுகிசுக்க வேணாம். பலூனைக் கொஞ்சம் சின்னதாப் போட்டுச் சமாளிக்கலாம்னு கைசு சொன்னா. பாதி அளவுன்னா சம்மதம்னு நீ சொன்ன. ஆனா உன்னோட மீசையில எனக்கு முக்காவாசி போயிடுது. இப்ப என் கோரிக்கைங்களைக் கேளுங்க. ஒண்ணு, இல்போ மேலுதட்டு மீசைய எடுக்கணும். தாடி இருக்கட்டும். ரெண்டு, கைசு பேசும்போது வாயில சிகரெட் இருக்கக் கூடாது. மூணு, ரெண்டு பேரும் இனிமே தலைவரைப் பாத்துப் பேசக் கூடாது. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துத்தான் சண்டை போடணும்."

கைசு மெதுவாகக் கேட்டாள். "சமாதானமாப் போகணும்னு கேக்கலையா?"

"சமாதானமா? எங்க வீட்டுல இருந்ததே, அதைவிடப் பெரிய சமாதானமா? கரண்டி சத்தம் மட்டும் கேக்கும். எனக்குச் சமாதானம் வேணாம், சண்டை வேணும். காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் தறி முன்னால நிக்கிறேன். வீட்டுல ஆர்வி, நல்லவருதான், ஆனா பேசமாட்டாரு. வாரத்துல ஒரு நாள், இங்க வந்தா மனுஷங்க ஒரு கவிதைக்காக ஒரு படத்துக்காக அடிச்சுக்கிறதைப் பாக்கறேன். என்ன நினைக்கிற சைமின்னு என்னையும் கேக்கறீங்க. அது ஒண்ணுதான் எனக்கு இருக்கு. நீங்க தலைவர் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பிச்ச நாள்லேருந்து எனக்கு உங்க முதுகும் பிடரியும்தான் தெரியுது. இத்தனை மாசமா ஒரு வார்த்தை எனக்குக் கேக்கலை. ஹல்கோவை மூடப்போறீங்கங்கிறதே தவுனோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் காதைத் தறி எடுத்துக்கிச்சு, போகட்டும், அதுக்கு யாரு என்ன பண்ண முடியும். மிச்சம் இருக்கிறதை நீங்க எடுத்துக்காதீங்க."

கைசு அழுதேவிட்டாள். சிகரெட்டை எடுத்துத் தட்டில் நசுக்கினாள். இல்போ எழுந்து சுவர்க் கண்ணாடி முன்னால் போய், படம் வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்து மேலுதட்டில் வைத்தான். கோணல் மாணலாக வெட்டிக்கொண்டு வந்து நின்றான். உதடு வெளியே தெரிந்தது. நாங்கள் யாரும் அதுவரை பார்க்காத உதடு.

"அடேயப்பா, சின்னப் புள்ள மாதிரி இருக்க!" என்றாள் கைசு.

"சின்னப் புள்ளைக்கு ஒண்ணு சொல்றேன் கேளு," என்று இல்போ அவளை நேருக்கு நேர் பார்த்தான். "அந்தப் பலூன் சுத்த அபத்தம்."

"உன் முஷ்டி மட்டும் என்ன? போன வருஷத்து முஷ்டி, முந்தின வருஷத்து முஷ்டி, எல்லாம் ஒரே முஷ்டி!"

சைமி அடுப்பைப் பற்றவைத்தாள். சண்டை அவள் இரண்டாவது கெண்டியைப் போட்டு முடிக்கிறவரை நடந்தது. கவிதை, கட்சி, மாஸ்கோ, ஓவியம், யார் யாருக்கு எப்போது தொத்திறைச்சியில் பெரிய துண்டைக் கொடுக்கவில்லை என்பது வரை எல்லாம் வந்தது. பத்திரிகையைப் பிளக்கிற வாக்கெடுப்பு யாருக்கும் ஞாபகம் வரவில்லை. தலைவன் என்ற முறையில் எனக்கு ஞாபகம் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

மே தின இதழ் வந்தது. அட்டையில் முஷ்டியும் இல்லை, பலூனும் இல்லை. அணைந்த அடுப்பு, கவிழ்ந்த கெண்டி, கோட்டைக் கழற்றாமல் நிற்கிற ஒரு பெண். கைசு வரைந்தது, கீழே ஒரு வரி இல்போ எழுதியது: "கோரிக்கைகள் ஏற்கப்பட்டன." அந்த இரண்டு பேரின் சண்டையும் அந்த இதழில் எதிரெதிர்ப் பக்கங்களில் அப்படியே அச்சானது. ஊரெல்லாம் அதை வாங்கிப் படித்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு இதழிலும் அவர்கள் சண்டை வந்தது. வாசகர்கள் அதைத்தான் முதலில் புரட்டினார்கள். கட்சியின் இரண்டு பிரிவுகளும் போய்ச் சேர்ந்தன, ஹல்கோ இருக்கிறது.

புத்தகத்தில் பேராசிரியர் அந்த அட்டையைப் பற்றி முழுசாக இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். குளிர்ந்த அடுப்பு அந்தக் கால இடதுசாரி இயக்கத்தின் சோர்வைக் குறிக்கிறதாம். அந்தப் பெண் ஒரு உருவகமாம்.

புத்தக வெளியீடு எங்கள் பால் கடையிலேயே நடந்தது. உருவகம் அடுப்புப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தது. எழுபத்தைந்து வயது, புதுத் தலைக்குட்டை, பையில் ஏலக்காய் ரொட்டி. பேராசிரியர் நல்ல பிள்ளைதான், ஆனால் காகிதத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாசித்தார். அறையின் அந்தக் கோடியிலிருந்து சைமி என்னைப் பார்த்து உதட்டை அசைத்தாள்.

'என்ன சொல்றான்?'

'நீ காப்பி ஊத்துறவளாம்,' என்று நானும் சத்தமில்லாமல் சொன்னேன்.

சைமி எழுந்தாள். கொதிக்கிற கெண்டியை அடுப்பிலிருந்து இறக்கினாள். மேஜைக்கு நடுவில் கொண்டுவந்து வைத்து, மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான். இளைஞர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கைசு தன் பாட்டில் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டாள். வெள்ளைத் தாடி வளர்த்து, மேலுதட்டை மட்டும் இருபது வருஷமாக மழித்துக்கொண்டிருக்கிற இல்போ நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான்.

"தம்பி, நிமிந்து பேசுப்பா! அடுப்பு அணையப்போவுது!"

பேராசிரியர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் முழித்தார். இல்போ கையை நீட்டி முக்காலியைக் காட்டினான். பேராசிரியர் காகிதத்தைக் கீழே வைத்தார். சைமியைப் பார்த்தார். மறுபடியும் முதலிலிருந்து, நிறுத்தி நிதானமாக, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார். அடுப்பு, அட்டை, உருவகம் எல்லாவற்றையும். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும், "அது நான்தான் தம்பி. எனக்குச் சோர்வெல்லாம் ஒண்ணும் இல்ல, காப்பி குடிக்கிறியா?" என்றாள்.

கூட்டம் சிரித்து ஓய்ந்த பிறகு, எனக்குக் கோப்பையைக் கொடுக்க வந்தாள். நான் உட்கார்ந்திருந்தது பழைய தலைவர் நாற்காலி.

"அந்த நாள்ல இங்க உக்காந்து மூச்சுக்குள்ள திட்டுவியே, ஞாபகம் இருக்கா?"

எனக்குக் காது வரை சூடேறியது. "அது உனக்குத் தெரியுமா?"

"நேர் எதிர்ல இல்ல உக்காந்திருந்தேன். அவங்க ரெண்டு பேரும் முதுகைக் காட்டின மாசமெல்லாம் எனக்கு இந்த அறையில கேட்டது நீ திட்டினது மட்டும்தான். அதுவும் இல்லேன்னா நான் முன்னாடியே கிளம்பிப் போயிருப்பேன்."